வீட்டில் செய்த வானொலியும் எம் வீடுகளின் அச்சமும்

பிரித்தானியாவில் 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஓர் ஒழுங்குவிதி சத்தமின்றி மாறியது. அமெச்சூர் வானொலி அனுமதியின் முதற்படியில் நிற்பவர்களும் இனித் தம் கையால் அமைத்த செலுத்தியை, அதாவது வானலைகளை வெளியே அனுப்பும் கருவியை, இயக்கலாம் என அந்நாட்டின் தொடர்பாடல் ஒழுங்குமுறை அமைப்பாகிய ஒஃப்கொம் இடமளித்தது. அதுவரை அவர்கள் கடையில் விற்கும் கருவியையோ, பொருத்துவதற்கென விற்பனைக்கு வரும் தொகுதியையோ மாத்திரமே பயன்படுத்தலாம் என்றிருந்தது. அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வலுவும் 10 வாற்றிலிருந்து 25 வாற்றாக உயர்ந்தது.

குடிவரவு விதிகள் ஓயாது மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த விதிமாற்றம் எமக்கு எதற்கு என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், புலம்பெயர்ந்த எமது குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றன, எதைக் கண்டு அஞ்சி விலக்குகின்றன என்ற பெரியதொரு வினா இச்சிறு செய்திக்குள் கிடக்கிறது. அதுபற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் பொருளை விளக்கிவிடுதல் நன்று. அமெச்சூர் வானொலி என்பது வருவாய் நோக்கமின்றி, தனிப்பட்ட ஆர்வத்தினாலும் தொழினுட்பப் பயிற்சிக்காகவும் வானலைகளைப் பயன்படுத்த விரும்புவோருக்கு அரசுகள் பரீட்சை வைத்து வழங்கும் உரிமையாகும். தேறியவருக்கு உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அதன் தொடக்கம் நாட்டைச் சொல்லும்: இலங்கைக்கு 4எஸ்7, இந்தியாவுக்கு வீயூ2, சுவிற்சர்லாந்துக்கு எச்பி9, கனடாவுக்கு வீஈ. இவ்வுரிமையைப் பெற்றவர்களுள் பெரும்பாலானோர் ஜப்பானிலோ சீனாவிலோ தயாரான 100 வாற்றுக் கருவியை வாங்கி மேசையில் வைத்துப் பேசுகின்றனர். அதில் தவறேதுமில்லை. ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரு சிறு கூட்டம் உண்டு. தாமே பற்றாசு பிடித்து அமைத்த கருவியில், மோர்ஸ் குறியீட்டுக்கு 5 வாற்று, குரலுக்கு 10 வாற்று என்ற எல்லையைத் தாமாகவே விதித்துக்கொண்டு, அதற்குள் நின்று கண்டங்களைத் தொடுபவர்கள் இவர்கள். தந்தியாளர் குறியீட்டில் 'கியூஆர்பி' என்றால் 'வலுவைக் குறைக்கட்டுமா?' என்று பொருள். அதுவே இவர்களின் பெயராகிவிட்டது.

இங்கிலாந்தில் இவர்களை ஒன்றுசேர்த்தவர் ஜோர்ஜ் டொப்ஸ் என்னும் அங்கிலிக்கன் குருவானவர். 1974 இல் அவர் தொடக்கிய ஜீ-கியூஆர்பி கழகம், 2019 இல் அவர் மறைந்த பின்னரும் 'ஸ்பிரற்' என்ற காலாண்டிதழை வெளியிட்டு வருகிறது. ஸ்பிரற் என்பது எமது நெத்தலியைப் போன்றதொரு சிறுமீன். பெயரிலேயே அவர்களின் நகைச்சுவை தெரிகிறதல்லவா! அதற்கு முன்னரே, 1972 இல், லேடிபேர்ட் பதிப்பகத்துக்காக அவர் சிறுவர் நூலொன்றை எழுதியிருந்தார். திரான்சிற்றர் வானொலி ஒன்றை ஒரு மரப்பலகையின் மீது, திருகாணிகளின் அடியில் கம்பிகளை இறுக்கியே, பற்றாசு இன்றி எவ்வாறு அமைப்பது என்பதைப் படிப்படியாகக் கற்பிக்கும் நூல் அது. பிரித்தானியாவின் பொறியியலாளர் பலர் தம் வாழ்வின் முதற் கருவி அந்தப் பலகைதான் என்று கூறுவர். குருவானவர் ஒருவர் பிள்ளைகளுக்குத் திருகாணியும் இருவாயியும் கொடுத்தமை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எமது கோயில்களும் தேவாலயங்களும் இப்புலம்பெயர் நாடுகளில் எத்தனையோ மண்டபங்களை எழுப்பியுள்ளன. அவற்றுள் ஒன்றிலேனும் அப்படியொரு பலகையை நான் இதுவரை கண்டதில்லை.

ஐந்து வாற்று என்பது எவ்வளவு? ஒரு சிறிய இரவு விளக்கின் அளவு. அதனால் என்ன ஆகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வானலையின் கணக்கு வேறு. 100 வாற்றை 5 வாற்றாகக் குறைத்தால் வலு இருபதில் ஒரு பங்காகிறது. மறுமுனையில் கேட்பவரின் அளவுமானியிலோ ஏறத்தாழ இரண்டு படிகளே இறங்கும். ஒன்பது படிகள் உள்ள அளவுகோலில் இரண்டு படிகள்! ஏழாம் படியில் கேட்டவர் ஐந்தாம் படியில் கேட்பார், அவ்வளவே. அயனமண்டலம் இடந்தரும் பகற்பொழுதில் 7 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஒன்றிரண்டு வாற்றைக் கொண்டே இலண்டனிலிருந்து பேர்ளினையும் சூரிச்சையும் எட்டலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல்சார் விண்மீன் ஆய்வுக்காக 1993 இல் நோபல் பரிசு பெற்ற ஜோ ரெயிலர் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஓர் அமெச்சூர். 2008 இல் அவர் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற முறையில், ஒரு சிறு செய்தியை ஏறத்தாழ இரண்டு நிமிட நேரம் எடுத்து மிக மெதுவாக அனுப்புவர். அதில் ஐந்தில் ஒரு வாற்றே சமுத்திரத்தைக் கடந்து விடுகிறது.

இங்கே வாசகருள் நடுவயதைக் கடந்தோர்க்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சைக்கிள் தைனமோ ஒன்றின் நியம அளவு 6 வோல்ற்று, 3 வாற்று. அந்த 3 வாற்றை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர் எவரும் மறக்கமாட்டார். 1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையின் பட்டியலில் மின்கலமும் இருந்தது. கடையில் மின்கலம் இல்லை, இருந்தாலும் வாங்க இயலாத விலை. அந்நிலையில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, தைனமோவிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நான்கு இருவாயிகளாலும் ஒரு கொள்ளளவியாலும் நேரோட்டமாக்கி, வானொலியை உயிர்ப்பித்தோம். முற்றத்தில் அயலவர் கூடி நின்று பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டனர். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அந்தச் சீராக்கியை எவரும் கடையில் வாங்கவில்லை. பழுதான வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு, பத்தாம் வகுப்பைத் தாண்டாத இளைஞர்களே பொருத்திக் கொடுத்தனர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும் அவர்களே.

அந்தக் கைத்திறன் எங்கே போயிற்று? இதே மனிதர்கள்தாம் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் வந்தனர். வந்த இடத்தில் பொருட்கள் மலிவு, திருத்தும் கூலி அதிகம், நேரமோ இல்லை. இரண்டு வேலை செய்யும் மனிதன் பழுதான பெட்டியைத் திறந்து பார்ப்பானா? வீதியோரத்தில் வைத்துவிட்டுப் புதியதை வாங்கினான். அவனுடைய பிள்ளைக்குக் கருவி என்பது திறக்கப்படாத பொருளாயிற்று. இதற்காக எவரையும் நோவதற்கில்லை. ஆனால் இழப்பு இழப்புத்தான்.

அந்த இழப்பை ஈடுசெய்ய இக்குறைவலுக் கருவிகள் ஏன் ஏற்றவை என்பதை அவை அமைக்கப்படும் முறையிலேயே காணலாம். அமெரிக்க அமெச்சூர் கழகத்தின் இதழில் 1976 மே மாதம் டக் டெமோ என்பவர் ஒரு செலுத்தியை விவரித்தார். சூரை மீன் அடைத்து வரும் தகரப்பேணியே அதன் அடித்தளம். உள்ளே இரண்டு திரான்சிற்றர்கள், வெளிவரும் வலு அரை வாற்றுக்கும் குறைவு. அரை நூற்றாண்டின் பின்னும் அதை அமைப்பவர்கள் இருக்கின்றனர். இதைவிடவும் எளிய, ஒரேயொரு திரான்சிற்றர் கொண்ட செலுத்தியும் உண்டு. அதற்கு வேண்டிய பளிங்கை வட அமெரிக்காவின் பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தே எடுக்கலாம். நிறத்தைப் பிரித்தறிவதற்காக அப்பெட்டிகளில் வைக்கப்பட்ட பளிங்கு 3.579 மெகாஹேர்ட்ஸில் அதிரும், அது 80 மீற்றர் அமெச்சூர் வரிசைக்குள் தற்செயலாக விழுந்துவிட்டது. ஐரோப்பாவிலுள்ளோர் இதை நம்பிப் பெட்டியை உடைக்கவேண்டாம். இங்குள்ள தொலைக்காட்சிகளின் பளிங்கு 4.43 மெகாஹேர்ட்ஸ், அது எந்த அமெச்சூர் வரிசையிலும் அடங்காது.

எனக்கு இவற்றுள் மிகுந்த மதிப்புக்குரியதாகத் தோன்றுவது ஐதராபாத்தில் பிறந்த கருவியாகும். அஷார் ஃபர்ஹான் என்னும் இந்திய அமெச்சூர் 2003 அளவில் 'பிற்எக்ஸ்' என்ற, குரலை அனுப்பவும் வாங்கவும் வல்ல கருவியொன்றை வகுத்தார். மேலைநாட்டு வரைபடங்கள் யாவும் வேண்டிநிற்கும் காந்த வளையங்கள் இந்தியக் கடைகளில் கிடைப்பது அரிது. அவர் என்ன செய்தார்? தண்ணீர்க் குழாயில் இடும் வாசரை எடுத்து அதன்மேல் கம்பியைச் சுற்றினார். ஏனைய உறுப்புகள் தொலைக்காட்சி திருத்தும் எந்தக் கடையிலும் கிடைப்பவை. வரைபடத்தை எவரிடமும் பணம் பெறாது உலகுக்குத் திறந்துவைத்தார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவருடைய வரைபடத்தைப் பின்பற்றிக் கருவி அமைப்போர் பலர். கவிழ்த்து வைத்த சைக்கிளை அறிந்தவருக்கு அந்த வாசரின் பெருமை விளங்கும்.

கருவியை அமைப்பதிலேயே ஓர் ஒழுக்கமும் அடங்கியிருக்கிறது. ஒற்றைத் திரான்சிற்றர்ச் செலுத்தி 7 மெகாஹேர்ட்ஸில் மட்டும் பேசாது. இரு மடங்காகிய 14 இலும், மும்மடங்காகிய 21 இலும் அதன் எதிரொலி வெளியேறும். அங்கே வேறு யாரோ வேறு ஏதோ செய்துகொண்டிருப்பர். ஆகவே செலுத்திக்கும் அன்ரனாக் கம்பிக்கும் இடையில் சில தூண்டிச் சுருள்களும் கொள்ளளவிகளும் கொண்ட ஒரு வடிகட்டியை இடவேண்டியது சட்டக் கடமை. இடாவிட்டாலும் கருவி வேலைசெய்யும்; அயலவனுக்குத்தான் தொல்லை. தன் கண்ணுக்குப் புலப்படாத அயலவனுக்காக அரைநாள் இருந்து சுருள் சுற்றும் பிள்ளை, எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒன்றைப் பழகுகிறது. பல்கலைக்கழகத்தில் நான் பௌதிகம் படிப்பித்த ஆண்டுகளில், அலையத்தின் சமன்பாட்டைக் கரும்பலகையில் பிழையின்றி நிறுவக்கூடிய மாணவர் பலரைக் கண்டேன். ஒரு பளிங்கையும் திரான்சிற்றரையும் கையில் கொடுத்து இதை அலையச் செய்க என்றால், எந்தக் காலை எங்கே பொருத்துவது என்று திகைத்து நிற்பர். குற்றம் அவர்களுடையதன்று. நாற்பது பேருக்கு இரண்டு அலைவுகாட்டிகள் இருந்த ஆய்வுகூடம் அது.

இனி அச்சத்துக்கு வருவோம். வானொலி பற்றி எம்மவரிடம் பேச்செடுத்தால், முதலில் வரும் பதில் செலவும் அன்று, நேரமும் அன்று. "உந்த வயர் வேலையெல்லாம் எங்களுக்கு வேண்டாம்" என்பதே. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட நான் ஆயத்தமாக இல்லை. சில முழக் கம்பியும் ஒரு மின்சுற்றுப் பலகையும் ஓர் இளைஞனின் வாழ்வை முடித்துவிடப் போதுமானவையாக இருந்த நாட்டிலிருந்து நாம் வந்தோம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிய கைகளுக்கு அந்த நடுக்கம் எளிதில் போகாது.

புகலிடத்திலும் அது முற்றிலும் ஆதாரமற்ற அச்சமன்று. 2015 செப்டெம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து இர்விங் நகரில், சூடானிலிருந்து வந்த குடும்பமொன்றின் 14 வயதுச் சிறுவன், தான் வீட்டில் பொருத்திய கடிகாரமொன்றை ஆசிரியருக்குக் காட்டவெனப் பாடசாலைக்குக் கொண்டுசென்றான். வெடிகுண்டு போன்றது என ஐயுற்றுக் காவற்றுறை அவனுக்கு விலங்கிட்டது. குற்றச்சாட்டு எதுவும் தொடரப்படவில்லை, நாட்டின் சனாதிபதியே அவனுக்கு ஆதரவாகப் பேசினார். ஆனாலும் விலங்கு பூட்டப்பட்டது பூட்டப்பட்டதுதான். எமது தாய்மார் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டபோது என்ன எண்ணியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அச்சத்துக்குக் காரணம் உண்டு என ஒப்புக்கொண்ட பின் எழுவது, அதற்கு மறுமொழி என்ன என்ற வினாவே. கம்பியைத் தொடாதே என்று பிள்ளையைத் தடுப்பது ஒரு மறுமொழி. நாம் இன்றுவரை அதையே செய்து வருகிறோம். அதன் பயன், தொழினுட்பம் எம் பிள்ளைகளுக்கு வாங்கும் பொருளாக மாத்திரம் எஞ்சுவது. நான் முன்வைக்கும் மறுமொழி வேறு. பிள்ளை தனி அறையில் ஒளித்து வைத்துச் செய்வதை, ஊரறிந்த மண்டபத்தில், மேசைமேல், அனுமதிப்பத்திரத்துடன் செய்யவேண்டும். அமெச்சூர் வானொலியின் தனிச்சிறப்பே அது வெளிப்படையானது என்பதில் இருக்கிறது. பேசும்போது அழைப்புக்குறியைச் சொல்லவேண்டும். பொருள் மறைக்கும் சங்கேத மொழி விலக்கப்பட்டது. எவரும் கேட்கலாம். அரசு வைத்த பரீட்சையில் தேறி, அரசு கொடுத்த குறியைச் சொல்லிப் பேசுகிறவனிடம், நீ என்ன செய்கிறாய் என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. கடிகாரம் செய்த சிறுவனிடம் அத்தகைய தாள் இருக்கவில்லை. தாள் ஒன்று எல்லாவற்றையும் தடுக்கும் என நான் கூறவரவில்லை. அகதிகளாகிய எமக்குத் தாளின் அருமை பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்று மட்டும் கூறுகிறேன்.

அத்தாளைப் பெறக் குடியுரிமை வேண்டுமா எனப் பலர் ஐயுறுகின்றனர். பிரித்தானியாவில் பரீட்சைக்கு ஆளடையாளம் காட்டவேண்டும், குடியுரிமை வேண்டியதில்லை. முதற்படிப் பரீட்சை 26 வினாக்கள் கொண்டது, 19 சரியானால் தேர்ச்சி. அமெரிக்காவிலோ வெளிநாட்டு அரசொன்றின் பிரதிநிதி அல்லாத எவரும் அனுமதி பெறலாம். ஜேர்மனியில் 2024 ஜூனில் தொடக்கநிலையினருக்கென்றே ஒரு புதிய வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. மோர்ஸ் தெரியவேண்டும் என்ற பழைய அச்சமும் தேவையற்றது. 2003 இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அக்கட்டாயத்தை உலக விதியிலிருந்து நீக்கிவிட்டது. எனினும் வீட்டில் செய்யும் முதற் கருவிக்கு மோர்ஸே மிக எளிது. மின்னோட்டத்தை வெட்டி ஒட்டினாலே போதும், குரலைச் சுமத்தும் சிக்கல் இல்லை.

ஒரேயொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அனுமதி பெற்றவரின் பெயரும் அஞ்சல் முகவரியும் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இடம்பெறும். நாட்டைவிட்டு ஓடி வந்தவருக்கு இது அற்ப விடயமன்று. அங்குள்ளோர் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சற்பெட்டி இலக்கத்தைக் கொடுக்கலாம். ஏனைய நாடுகளிலுள்ளோரும் விண்ணப்பிக்குமுன் இதை விசாரித்தறிக. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் தம் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நன்று. வழக்கின் விபரத்தையோ ஊரிலுள்ள உறவினரின் பெயரையோ வானலையில் சொல்வது ஒருபோதும் கூடாது.

எதற்கு இது பயன்படாது என்பதையும் மறைக்காமல் கூறிவிடவேண்டும். ஏனெனில், எம்மவரிடையே எதையும் பெரிதுபடுத்தி விற்கும் வழக்கம் உண்டு. ஊரிலுள்ள தாயாருடன் பேச இது வழியன்று. மறுமுனையிலும் அனுமதி பெற்றவர் இருக்கவேண்டும், அயனமண்டலமும் ஒத்துழைக்கவேண்டும். அதற்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. அரசியற் பரப்புரைக்கோ பாட்டு ஒலிபரப்புக்கோ வணிகத்துக்கோ இவ்வரிசைகளில் இடமில்லை. அத்தகைய எண்ணத்துடன் வருபவர் அனுமதியையும் இழப்பார், எமது பெயரையும் கெடுப்பார். பேரிடரில் உதவும் என்பார்கள். 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே இலங்கை வானொலிச் சங்கத்தினர் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தியதும், அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் தலைமையில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் குழு செய்தி பரிமாறியதும் வரலாறு. ஆனால் அப்பணி ஆற்றியோர் பல்லாண்டுப் பயிற்சி உடையவர்கள். நேற்றுப் பேணியில் செலுத்தி செய்த பிள்ளைக்கு அந்த மாலையைச் சூட்டவேண்டாம். தன் கையால் செய்த ஒன்று உயிர் பெற்று, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து முன்பின் அறியாத ஒருவர் தன் குறியைத் திருப்பிச் சொல்வதைக் கேட்பதே அப்பிள்ளைக்குப் போதிய பரிசு.

கனடாவில் வாழ்வோர் ஒரு தடையைச் சந்திப்பர். அங்கு அடிப்படைத் தகைமை பெற்றவர், பொருத்துவதற்கென வணிகரீதியில் வகுக்கப்பட்ட தொகுதியை வாங்கிச் செலுத்தி அமைக்கலாம். தாமாகவே உறுப்புகளைச் சேர்த்துச் செலுத்தி அமைக்க உயர்தகைமை வேண்டும். அடிப்படைப் பரீட்சை 100 வினாக்கள், உயர்தகைமைக்கு மேலும் 50. வாங்கிகளை எவரும் அமைக்கலாம். பாதுகாப்பைக் கருதிய விதியாக இருக்கலாம். எனினும் அரை வாற்றுக் கருவிக்கும் பல நூறு வாற்றுக் கருவிக்கும் ஒரே வேலி இடுவது பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. பிரித்தானியா திறந்துவிட்ட கதவைக் கனடாவும் திறக்கவேண்டும் என அங்குள்ள எமது சங்கங்கள், ஏனைய அமெச்சூர் கழகங்களுடன் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். அதுவரை அடிப்படைப் பரீட்சையில் 80 வீதத்துக்கு மேல் பெற முயல்க. அப்புள்ளி இருந்தால் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சிற்றலை வரிசைகள் திறக்கும்.

இவ்வளவும் பிள்ளைகளை முன்வைத்தே எழுதினேன். ஆனால் என் மனத்தில் இன்னொருவரும் இருக்கிறார். பிரித்தானியாவில் தஞ்சக் கோரிக்கையாளர் 12 மாதங்கள் காத்திருந்த பின்னரே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் குறித்த சில தொழில்களையே செய்யலாம். அந்த மாதங்களில் ஊரில் வானொலி திருத்திய கை, வயர் இழுத்த கை, அறையில் சும்மா கிடக்கிறது. அமெச்சூர் வானொலி தொழிலன்று, பணம் பெறுவதை அதன் விதியே தடுக்கிறது. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில், பிள்ளைகள் சூழ, அந்த மனிதர் பற்றாசுக் கோலை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவாராயின் அவர் இழந்த மதிப்பில் ஒரு பங்கு மீளும். பாடசாலைக்கோ சம்பளமின்றி ஓர் ஆசான் கிடைப்பார். பரீட்சைக் கட்டணத்தை ஊர்ச்சங்கம் கொடுக்கட்டும். வாராந்த உதவிப்பணத்தில் வாழ்பவருக்கு அது சிறு தொகையன்று. ஒன்றுகூடல் விருந்துக்குச் செலவிடும் சங்கத்துக்கு அது ஒரு தொகையே அன்று.

அப்பாடசாலைகளைப் பற்றி ஒரு சொல். பரதமும் மிருதங்கமும் திருக்குறள் மனனப் போட்டியும் அவற்றின் அணிகலன்கள், அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் அறிவியல் கற்ற கடைசித் தலைமுறையாக நாமே இந்நாடுகளில் இருக்கிறோம். மீடிறன், தூண்டி, கொள்ளளவி, இருவாயி, விரியலாக்கி என்ற சொற்களைப் பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றோம். தமிழ்நாட்டார் அதிர்வெண் என்றும் மின்தேக்கி என்றும் எழுதுவர், அதுவும் நன்றே. இச்சொற்கள் எம் பிள்ளைகளின் காதில் விழும் இடம் இன்று எதுவுமில்லை. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைச் சொன்னால் பிள்ளை மறக்காது. தமிழ் பாட்டிக்கு வணக்கம் சொல்லும் மொழி மாத்திரமன்று எனக் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முதலாண்டில் செலுத்தியைத் தொடவே வேண்டாம். செலுத்துவதற்குத்தான் அனுமதி வேண்டும். கேட்பதற்கு மட்டுமான வாங்கியைப் பிரித்தானியாவில் இன்றே தொடங்கலாம். டொப்ஸ் காட்டிய வழியில் பலகையும் திருகாணியும் சிறுவருக்கு; பெரியவருக்கு ஒரு கலப்பி, ஓர் அலையம், ஒரு விரியலாக்கி என மூன்று பகுதிகளே கொண்ட எளிய சிற்றலை வாங்கி. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 உடன் சிற்றலையை விட்டுவிட்டது. ஆனால் 7 மெகாஹேர்ட்ஸில் அமெச்சூர்கள் இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கின்றனர். மாரியில் கேட்டுப் பழகி, வசந்தத்தில் பரீட்சை எழுதி, கோடையில் முதற் செலுத்தியை அமைக்கலாம். அதற்கு நடுவில் வெட்டி இருபுறமும் பத்துப் பத்து மீற்றராக 20 மீற்றர் கம்பி வேண்டும். மண்டபத்தின் கூரையோரத்திலிருந்து வேலியடி மரம் வரை அதைக் கட்ட இடமுண்டா என்று கட்டட உரிமையாளரிடம் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. அந்த அனுமதி கிடைக்கத்தான் பரீட்சையை விடக் கூடிய காலம் எடுக்கும்.